நேற்று காலை 4 மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

"வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால், நம் ஊரில் எத்தனையோ பெண்கள் "இல்லைங்க, சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பார்கள். இந்தச் 'சும்மா'வுக்கு இந்திய வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ஒரு எண்ணே உண்டு: 92. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் என்று அர்த்தம். கூடவே விறகு பொறுக்கினால், வீட்டுக்குத் துணி தைத்தால் 93. இரண்டில் எதில் விழுந்தாலும் உழைப்பவர்கள் கணக்கில் அவர் வரமாட்டார்.

நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கேள்வியையே மாற்றிவிடுகிறது. வேலை பார்க்கிறீர்களா என்று கேட்பதில்லை. நேற்று அதிகாலை 4 மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள், 4:30க்கு என்ன, 5 மணிக்கு என்ன என்று இன்று அதிகாலை 4 மணி வரைக்கும், 48 அரைமணித் துண்டுகளாகக் கேட்டு எழுதுகிறார்கள். 4 மணியில் தொடங்கக் காரணம், அப்போதுதான் பெரும்பாலானவர்கள் தூக்கத்தில் இருப்பார்கள். நள்ளிரவில் நாளை வெட்டினால் பலருடைய பயணமும் வேலையும் பாதியில் அறுபட்டு நிற்கும்.

சரி, ஏன் நேற்றை மட்டும் கேட்கிறார்கள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சமைக்கிறீர்கள் என்று கேட்டால் யாரிடமும் கணக்கு இருக்காது, குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்வோம், அலுவலக வேலையைக் கேட்டால் கொஞ்சம் கூட்டியே சொல்வோம். நேற்று மட்டும்தான் நினைவில் வரிசையாக இருக்கிறது. ஆனால் ஒருவர் நேற்று கல்யாணத்துக்குப் போயிருக்கலாம், காய்ச்சலில் படுத்திருக்கலாம். அதனால் அவருடைய ஒரு நாளை வைத்து அவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. வாரத்தின் எல்லா நாட்களிலும், வருடம் முழுக்க, நாடெங்கும் லட்சக்கணக்கான பேரிடம் கேட்கும்போது கல்யாணமும் காய்ச்சலும் தங்களுக்குரிய அளவில் உள்ளே வந்துவிடும், மொத்தச் சராசரி சரியாக நிற்கும். இந்த முறையின் அழகே இதுதான் என்பேன்.

இந்தியாவில் 1998-99இல் ஆறு மாநிலங்களில் வெள்ளோட்டம் பார்த்தார்கள், தமிழ்நாடு அதில் ஒன்று. நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்பு நடக்க 2019 ஆகிவிட்டது: 1,38,799 வீடுகள், 6 வயதும் அதற்கு மேலும் உள்ள 4,47,250 பேர்.

அதில் வந்த ஒரு எண் பத்திரிகைகளில் நிறைய அடிபட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டிய எண் இது, ஏனென்றால் அந்த நாளில் வீட்டு வேலை செய்தவர்களின் சராசரி மட்டும்தான் இது. பெண்களில் 81.2 சதவீதம் பேர் செய்திருந்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம்தான். கையே வைக்காதவர்களையும் சேர்த்து வகுத்தால் பெண்களுக்கு 243 நிமிடம், ஆண்களுக்கு 25. மூன்று மடங்கு வித்தியாசம் கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடுகிறது!

அப்புறம், ஒவ்வொரு செயலையும் ஐ.நா. வகுத்த ஒன்பது பெரும் பிரிவுகளில் ஒன்றில் போட வேண்டும். குழாயடியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தால் அது இரண்டாம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான உற்பத்தி. தேசிய வருமானக் கணக்கின் விதிப்படி அது உற்பத்திதான். அதே தண்ணீரில் உலை வைத்தால் மூன்றாம் பிரிவு, உற்பத்திக் கணக்குக்கு வெளியே போய்விடும். ஒரே அடுப்படியில், ஒரே கையால் நடக்கும் வேலையின் நடுவே போட்ட இந்தக் கோடு எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

2024இல் இரண்டாவது கணக்கெடுப்பு. வீட்டு வேலை செய்தவர்களில் பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. இருவருக்கும் குறைந்திருக்கிறது, இடைவெளி அப்படியே.

ஒரு அரைமணிக்குள் பத்து நிமிடமாவது செய்த மூன்று செயல்கள் வரை எழுதிக்கொள்ள இடமுண்டு. இருந்தும் நழுவிப்போவது, பார்த்துக்கொள்ளும் வேலை. குழந்தை பக்கத்தில் விளையாட, அதன் மேல் ஒரு கண் வைத்தபடி வீட்டை விட்டு நகர முடியாமல் இருப்பதற்கும் பட்டியலில் தனி வகை இருக்கிறது. ஆனால் கேட்டால், "டிவி பார்த்துட்டு இருந்தேன்" என்றுதான் பதில் வரும். அங்கே கள அலுவலர் பேனாவை நிறுத்தி, "அப்ப குழந்தை எங்கம்மா இருந்துச்சு?" என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.