வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள்: கடன் பிரிவு வேலைக்கு வருபவர்களுக்கு

கடன் பிரிவில் கிளார்க்காகச் சேர்பவர்கள் பலர், யாருக்குக் கடன் கொடுப்பது என்று தீர்மானிப்பதே தங்கள் வேலை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அந்த முடிவு வேறொரு மேசையில் நடக்கிறது. விண்ணப்பதாரரிடம் கேட்பது, சொன்னதை எழுதுவது, எழுதியதற்கு ஆவணம் சேர்ப்பது, ஃபைலை முழுமையாக்கி அனுப்புவது, இவைதான் நம் பங்கு. முடிவெடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் முகம் தெரியாது. நாம் எழுதிய தாள்தான் அவருக்குத் தெரியும். எனவே இந்த வேலையில் நாம் மிகவும் அஞ்ச வேண்டியது, 'பாவம், கொஞ்சம் உதவி செய்வோம்' என்று வருமானத்தைச் சற்றுக் கூட்டி எழுதிவிடும் கையை. அந்த உதவியால் கிடைத்த கடனைக் கட்ட முடியாமல் திணறப்போவது அதே மனிதர்தான்.

நேர்காணலில் கேள்விகளின் வரிசை முக்கியம். எதற்காகக் கடன், எவ்வளவு, எத்தனை மாதத்தில் அடைக்க எண்ணம் என்று தொடங்குங்கள்; அவர் தாமாகப் பேசட்டும். வருமானம், வீட்டுச் செலவு, இருக்கும் கடன்கள், அவரை நம்பி வாழ்பவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் பிறகு. 'வேறு கடன் இல்லையே?' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். 'மாதாமாதம் எங்கெங்கே பணம் கட்டுகிறீர்கள்?' என்று கேட்டால், தவணையில் வாங்கிய ஃபோன், நண்பருக்குப் போட்ட ஜாமீன், நகைக் கடன் என ஒவ்வொன்றாக வெளியே வரும். மதம், கர்ப்பம் போன்று கடனைத் திருப்பிக் கட்டும் திறனோடு தொடர்பில்லாதவற்றைக் கேட்காதீர்கள். பேச்சுவாக்கில் தெரியவந்தாலும் எழுதாதீர்கள்.

வருமானத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. சம்பளச் சீட்டில் மொத்தச் சம்பளம் 50,000, பிடித்தம் போகக் கையில் வருவது 40,000 என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே கட்டும் தவணை 9,000. புதிதாகக் கேட்கும் 5,00,000 கடனுக்கு 12 சதவீத வட்டியில் 60 மாதத் தவணை 11,122. இரண்டும் சேர்ந்து 20,122. மொத்தச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் தவணைச் சுமை 40 சதவீதம்; கையில் வரும் பணத்தோடு ஒப்பிட்டால் 50 சதவீதம். ஒரே ஆள், ஒரே கடன். எந்த வருமானத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது உங்கள் நிறுவன விதியில் இருக்கும்; முதல் நாளே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஓவர்டைம், ஊக்கத்தொகை இரண்டையும் கடைசி மாதத் தொகையாக எடுக்காமல் பல மாதச் சராசரியாகப் பாருங்கள். சொந்தத் தொழில் செய்பவரின் வங்கிக் கணக்கில் வரும் பணம் விற்றுமுதல்தான். சரக்கு, கூலி, வாடகை போக மிஞ்சுவதே வருமானம்.

கணக்கு ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கும்போது கால்குலேட்டர் கையில் இருக்கட்டும். முந்தைய இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் அடுத்த வரியின் இருப்பு வர வேண்டும். திருத்திய ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரவை மட்டும் மாற்றிவிட்டு, கீழே உள்ள இருப்புகளை மாற்ற மறந்திருப்பார்கள். சம்பளச் சீட்டின் நிகரத் தொகையும் கணக்கில் வரவான தொகையும் பைசா வரை பொருந்துகின்றனவா என்று பாருங்கள். விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு திடீரென விழுந்த பெரிய தொகை, ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் வெளியேறும் சொல்லப்படாத தொகை, பணமில்லாமல் திரும்பிய தவணை ஆகிய மூன்றுக்கும் விளக்கம் கேட்டு, அந்த விளக்கத்தை அவர் சொன்னபடியே ஃபைலில் குறியுங்கள். சந்தேகம் வந்ததும் குற்றம் சாட்ட வேண்டாம். வேலை பார்க்கும் இடத்தை உறுதிசெய்ய, விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி அழையுங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி 'மீதியை நான் நிரப்பிக்கொள்கிறேன்' என்று அனுப்பும் பழக்கம் சில மேசைகளில் இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். பிற்பாடு தகராறு வந்தால், எந்த எண்ணை யார் எழுதினார் என்பதற்குப் பதில் இருக்காது. நிரப்பி, வாசித்துக் காட்டி, திருத்தம் இருந்தால் அடித்த இடத்தில் அவரையே கையெழுத்திடச் செய்து, பிறகு இறுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஜாமீன் போடுபவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவது நல்லது. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் பொறுப்பு தம் மீது விழும் என்பது புரியாமலே 'சும்மா ஒரு கையெழுத்து' என்று அழைத்து வரப்பட்டவர்கள் நிறையப் பேர்.

வட்டியை விளக்குவதும் நம் கடமைதான். 1,00,000 கடன், 12 மாதம், 12 சதவீதம். குறையும் நிலுவை முறையில், அதாவது இன்னும் கட்ட வேண்டிய அசலுக்கு மட்டும் வட்டி போட்டால், தவணை 8,885, மொத்த வட்டி 6,619 அளவில் வரும். ஃபிளாட் முறையில், அதாவது அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி போட்டால், வட்டி 12,000, தவணை 9,333. இதைக் குறையும் நிலுவை முறையில் கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. இரண்டையும் '12 சதவீதம்' என்று சொல்லிவிட முடியும் என்பதால்தான், தவணைத் தொகையையும் மொத்தம் கட்டப்போவதையும் தாளில் எழுதிக் காட்ட வேண்டும். பரிசீலனைக் கட்டணம், காப்பீடு, முன்கூட்டியே அடைத்தால் வரும் கட்டணம் ஆகியவற்றையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

ஆவணங்களைச் சொந்த ஃபோனில் படமெடுக்கக் கூடாது. கவுன்டரில் ஒருவரின் சம்பளத்தை உரக்கச் சொல்லக் கூடாது. தரகர் தரும் அன்பளிப்பு சிறியதானாலும் வாங்கக் கூடாது.

வேலையின் போக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்ணப்பதாரரே இணையத்தில் விவரங்களை நிரப்பி, மென்பொருளே மதிப்பெண் போடும் முறை வந்துவிட்டதால், தட்டச்சு செய்வதை மட்டும் நம்பி இந்தத் துறைக்கு வருவது சரியல்ல. சீரற்ற வருமானம் உள்ளவர், பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருப்பவர், போலி ஆவணம் என்று மென்பொருள் தடுத்து நிறுத்தியவர், இப்படிப் பேசித் தீர்க்க வேண்டிய ஃபைல்கள்தான் மனிதரின் மேசைக்கு வரும். அவற்றைப் பார்க்கக் கற்றவருக்குக் கடன் ஆய்வாளர், தணிக்கை, விதிமுறைக் கண்காணிப்பு என்று மேலே போகும் வழி உண்டு. மாத இலக்கு வைத்து ஊக்கத்தொகை தரும் இடமானால், கடன் திரும்பாமல் போனால் அந்த ஊக்கத்தொகையைப் பிடித்தம் செய்வார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

'கண்டிப்பாகக் கிடைத்துவிடும்' என்று எவருக்கும் சொல்லாதீர்கள்; அதை நம்பி முன்பணம் கொடுத்துவிடுவார்கள். மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடன் வரலாற்று அறிக்கையில் பிழை இருந்தால் அதைத் திருத்த எங்கே எழுத வேண்டும், எந்த நிலுவையை அடைத்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்பதை ஒரு துண்டுத் தாளிலாவது எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.