கீல் எஞ்சினும் மாலே என்ற பெயரும்

வளைவுகளில் திரும்பும்படி சக்கரத் தொகுதி இணைக்கப்பட்டு, ‘ஆர்ட்டிகுலேட்டட்’ என்ற அடைமொழி பெற்ற நீராவி ரயில் எஞ்சின்களைப் பற்றித் தமிழில் எழுத முனைந்தால் முதலில் கைக்கு வருவது ‘மூட்டு’ என்ற சொல். பொருள் பிழையன்று, ஆனால் அடுப்பில் தீ மூட்டித்தான் ஓடுகிற ஒரு பொறிக்கு அப்பெயர் வைத்தால், மூட்டுவது எதை என்ற மயக்கம் எழும். ஆகவே ‘கீல்’ என்பதே பொருத்தமானது என்பது என் துணிபு. மூலச் சொல்லின் வேரான ‘ஆர்ட்டிகுலுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு உடலின் சிறு மூட்டு என்று பொருள். தமிழிலோ கதவைத் தாங்கும் கீலும் கீல்வாதம் பற்றும் கீலும் ஒரே சொல்லாக இருப்பதால், உடலுறுப்பு, பொறியுறுப்பு ஆகிய இரண்டு பொருளும் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன.

இவ்வகை எஞ்சின்களில் புகழ்பெற்றது ‘மாலே’. சுவிட்சர்லாந்தில் பிறந்த பொறியாளர் அனத்தோல் மாலே (1837–1919) 1884இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சு ஒலிப்பில் இப்பெயரின் இறுதி மெய் ஒலிக்காது என்பதால் ‘மாலெட்’ என்று எழுதுவது தவறு. தச்சரின் கொட்டாப்புளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இந்த எஞ்சினின் பெயர் வரவில்லை.

ஒரே கொதிகலனின் கீழ் இரண்டு சக்கரத் தொகுதிகள் இருக்கும். பின்தொகுதி கொதிகலனோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்க, முன்தொகுதி கீலில் திரும்பி வளைவுகளுக்கு இடங்கொடுக்கும். அசையும் பகுதிக்கு உயரழுத்த நீராவியைக் கசியாமல் கொண்டுசெல்வது கடினம். மாலே அதை முதலில் பின்புற உருளைகளில் (சிலிண்டர்களில்) வேலை வாங்கி, அழுத்தம் குறைந்த பிறகே முன்புறத்தின் பெரிய உருளைகளுக்கு அனுப்பினார். கீலின் குறையையே எரிபொருள் சிக்கனத்துக்கு வழியாக்கிய இந்த அமைப்பில்தான் அவருடைய மேதைமை தெரிகிறது.

1889ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் 600 மில்லிமீட்டர் அகலப் பாதையில் சிறிய உருவில் ஓடிய இந்த எஞ்சின், 1904இல் பால்டிமோர்–ஒகையோ ரயில்வேக்காக அமெரிக்காவில் கட்டப்பட்டபோது மலைப்பாதையில் சரக்கு இழுக்கும் பெரும்பொறியாக வளர்ந்தது. 1941 முதல் யூனியன் பசிபிக் ரயில்வே பெற்ற 25 ‘பிக் பாய்’ எஞ்சின்கள் இவ்வளர்ச்சியின் உச்சம்.

ஆனால் ‘பிக் பாய்’ மாலேதானா? அதன் நான்கு உருளைகளுக்கும் உயரழுத்த நீராவி நேராகவே செல்கிறது. இருநிலை விரிவு, அதாவது ஒரே நீராவியை இருவகை உருளைகளில் அடுத்தடுத்து வேலை வாங்கும் முறை, இல்லாததை மாலே என்று அழைக்கக்கூடாது என்போர் உண்டு. அவர்கள் கூற்று சரியென்றே கருதுகிறேன். பின்தொகுதி நிலைத்து முன்தொகுதி மட்டும் திரும்புவதைக் கொண்டு அதைக் ‘கீல் எஞ்சின்’ எனலாம். ‘மாலே’ என்ற பெயரை இருநிலை விரிவுள்ளவற்றுக்கே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு தொகுதிகளுமே திரும்ப, நடுவில் கொதிகலன் தொங்கும் ‘காரட்’ எஞ்சினைக் குறிக்க ‘இருகீல் எஞ்சின்’ என்ற சொல் பொருந்தும்.