கிழக் குதிரை விழுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் இன்னும் குதிரை வைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. ஜட்கா காலம் போய்விட்டது, ஆனாலும் கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்புகிறவர்கள், சாரட்டு வைத்திருப்பவர்கள், அப்பா ஆசையாக வளர்த்தது என்பதற்காகவே ஒரு வேலையும் வாங்காமல் கொட்டகையில் கட்டித் தீனி போடுகிறவர்கள் எல்லாம் உண்டு. கால்நடை மருத்துவராக அங்கெல்லாம் போய்வருகிற எனக்கு நோயைவிட அதிகக் கஷ்டம் தருவது, தேற வழியில்லாத குதிரையை ஊசி போட்டு வலியில்லாமல் போகவிடுகிற முடிவைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசாததுதான். குதிரை விழுந்த பிறகு, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில், போன் வருகிறது.

குதிரை 25, 30 வயது வரைகூட இருக்கும். 20 தாண்டினாலே பல்லைப் பாருங்கள். குதிரைப் பல் ஆயுள் முழுக்க ஈறிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும், அரைத்து அரைத்துத் தேய்ந்துகொண்டும் இருக்கும். ஒரு வயசுக்கு மேல் வருவதற்கு மிச்சம் இருக்காது. பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே கிடந்தால் காரணம் பெரும்பாலும் பல்தான். கொள்ளை வேகவைத்து மசித்து, தவிட்டோடு தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொடுத்துப் பாருங்கள், எலும்பு தெரிந்த குதிரைகூட சில சமயம் உடம்பு தேறி இன்னும் சில வருஷம் நன்றாக இருக்கும். அதனால் இளைத்துப்போனதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது படுக்காத குதிரையைப் பார்த்துத்தான். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆழ்ந்த தூக்கம் வர அது படுத்தாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மூட்டு வலி வந்த குதிரை, படுத்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்பதால் படுப்பதையே விட்டுவிடும், அப்புறம் நின்றபடியே கண் சொக்கி, முன்னங்கால் மடங்கிச் சரிந்து, திடுக்கிட்டு நிமிரும். முன்னங்கால் முட்டியிலும் குளம்புக்கு மேலே கணுவின் முன்பக்கத்திலும் ஆறாத சிராய்ப்பு இருந்தால், எங்கேயோ இடித்துக்கொண்டது என்று மஞ்சள் பூசிவிட்டுப் போகாதீர்கள். வலிக்கு மருந்து இருக்கிறது, மணல் கொட்டி மெத்தென்று இடம் செய்து தரலாம். அதற்குப் பிறகும் படுக்கவில்லை என்றால், உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வயிற்று வலியில் அந்த நேரமும் கிடைக்காது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் முறுக்கிக்கொண்டால் அறுவைச் சிகிச்சைதான் வழி, தளர்ந்த குதிரையை அது செய்கிற ஆஸ்பத்திரி வரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே பெரிய பாடு. சும்மா நிற்கிற குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். அது 80 தாண்டி, உடம்பெல்லாம் வியர்த்து, ஊசி போட்டும் வலி அடங்கவில்லை என்றால், காலை வரை பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். அந்த ராத்திரி முழுக்க அது புரண்டு புரண்டு துடிக்கும்.

ஆற்காட்டுப் பக்கம் ஜட்கா ஓட்டிய ஒரு பெரியவரின் பெண் குதிரை அப்படித்தான் படுக்காமலே நின்றது. “நான் எப்படி டாக்டர் சொல்றது, இது சம்பாதிச்ச சோத்தைத்தானே என் பிள்ளைங்க சாப்பிட்டாங்க” என்றார். “நீங்க சொல்ல வேணாம் பாய், நான் சொல்றேன், நீங்க பக்கத்துல நின்னா போதும்” என்றேன். நல்லபடியாகப் போன நாள், மோசமாகப் போன நாள் என்று காலண்டரில் குறிக்கச் சொன்னேன். மோசமான நாட்கள் அதிகமானதும் அவரே கூப்பிட்டார். முந்தின நாளே மருமகன் நிலத்தில் குழி வெட்டியாகிவிட்டது, காலையில் அருகம்புல்லும் வெல்லமும் தின்றுகொண்டிருந்தது, அவசரம் எதுவும் இல்லை.

என்ன நடக்கும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் மயக்கம் தருகிற ஊசி, தலை தொங்கும். அப்புறம் கழுத்து ரத்தக் குழாயில் அதிக அளவில் மருந்து போவதும் நினைவு போய்ச் சரிந்துவிடும். 300 கிலோ உடம்பு, எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது, அதனால் பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். கண் மூடாது. ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம். அப்போது அதற்கு எந்த உணர்வும் இருக்காது, வலியும் தெரியாது. இதயம் நின்றதை நாங்கள் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து உறுதி செய்வோம்.

அந்த மருந்து உடம்பிலேயே தங்கிவிடும். நாயோ காக்கையோ கழுகோ தின்றால் அதுவும் சாகும். அதனால் பாலாற்று மணலில் மேலாக மூடிவிட்டு வரக் கூடாது. கிணறு, போர்வெல் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஜேசிபி வரக்கூடிய வழியாகப் பார்த்து, ஆழமாகப் புதைக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் உடம்பு சீக்கிரம் ஊதிவிடும், குழி தயாராக இல்லாவிட்டால் குடும்பமே தவிக்கும்.

சந்தைக்கு ஓட்டிவிடலாம், ஆற்றுப் பக்கம் அவிழ்த்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். கை மாறி மாறிப் போய்க் கடைசியில் யாரிடம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பசியும் தாகமுமாகத் தவிக்கும்படி விட்டுவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

ஜோடிக் குதிரை இருந்தால், புதைப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்து முகர்ந்து பார்க்க விடுங்கள். அப்படி விட்ட வீடுகளில் அது கத்திக்கொண்டு தேடுவது குறைவாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது குதிரை நன்றாக இருக்கிறதா, சரி, இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் கடைசியில் போடுகிற அந்த மருந்தை இருப்பு வைத்திருக்கிறாரா, ராத்திரியில் கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டு வையுங்கள். அவரால் முடியாது என்றால் யாரைக் கூப்பிடுவது என்றும் அவரிடமே கேளுங்கள். அரசு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, அதையும் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள்.