மீன் ஒத்துக்கொள்ளவில்லையா, மீனுக்கு ஐஸ் போதவில்லையா?

கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் வைத்தியம் பார்க்கிற எவருக்கும் மீன் சந்தை தூரத்து விஷயம் இல்லை. ஒரு பக்கம் முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகம், களனி ஆற்றைத் தாண்டினால் பேலியகொடை மத்திய மீன் சந்தை. படகில் போகிறவர், பெட்டி சுமக்கிற நாட்டாமி, மோட்டார் சைக்கிளில் மீன் விற்கிறவர், அந்த மீனை வாங்கிச் சமைக்கிற அம்மா எல்லோரும் என் டிஸ்பென்சரியில் ஒரே வாங்கில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களிடம் அடிக்கடி காணும் ஒரு நோயை ‘மீன் அலர்ஜி’ என்று கொப்பியில் எழுதி முடித்துவிடும் பழக்கம் நம் வைத்தியர்களிடம் இருக்கிறது. பல தடவை அது அலர்ஜியே இல்லை.

மத்தியானம் பலயாக் கறியோடு சோறு சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது. முகமும் கழுத்தும் சிவக்கும், காது சுடும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும். உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பிக் கடிக்கும். சிலருக்கு வாந்தி, வயிற்றோட்டம். ஒருமுறை ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகள் இப்படிச் சிவந்த முகத்தோடு ஒன்றாக வந்தார்கள். ஒரே கடையில் வாங்கிய பார்சல் சோறு, இரண்டிலும் கெலவல்லாத் துண்டு. “டொக்டர், நான் சின்ன வயசில இருந்து சாப்பிடுறனான், ஒரு நாளும் இப்பிடி வந்ததில்ல” என்றாள் அவர்களில் ஒருத்தி. வாயில் வைத்ததும் மிளகு மாதிரி நாக்கில் சுரீர் என்றதாம். கறி உறைப்பு என்று நினைத்திருக்கிறாள். அவர்களோடு சாப்பிட்ட மூன்றாவது பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

ஒரே மீனைச் சாப்பிட்ட இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் புதிதாக அலர்ஜி வருமா? வராது. இது ஹிஸ்டமின் நஞ்சு. பலயா, கெலவல்லா, அறுக்குளா, கும்பளா, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். செத்த மீன் சூட்டில் கிடந்தால் பக்டீரியாக்கள் பெருகி அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜி வரும்போது நம் உடம்பே வெளியே விடுகிற பொருளும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரே மீனுக்குள்ளேயே ஒரு துண்டில் கூடவும் இன்னொரு துண்டில் குறையவும் இருக்கும். மூன்றாவது பிள்ளை தப்பியது அப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, மீன் எங்கே சூட்டில் கிடக்கிறது? ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பலநாள் படகு என்பது மூன்று, நான்கு வாரம்கூடக் கடலில் நிற்கிற படகு. கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு போகும் ஐஸ்தான் அதற்கு உயிர். தூண்டிலில் மாட்டிச் செத்த மீன், ஏறக்குறைய 28 பாகை வெப்பமுள்ள நீரில் மணிக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஏற்றிய உடனே குடலும் செவுளும் எடுத்து, உடம்பு முழுக்க ஐஸ் படும்படி அடுக்கினால் நல்லது. நல்ல மீன் பிடிபடுகிற இரவில், களைத்துப்போன நாலைந்து பேர் ஒவ்வொரு மீனையும் அப்படிப் பார்ப்பது லேசான வேலை இல்லை. முதல் வாரம் பிடித்த மீன் அடியில், கடைசி நாள் பிடித்தது மேலே. கரைக்கு வரும்போது எல்லாம் ஒரே ‘புது மீன்’.

பேலியகொடையில் நள்ளிரவு தாண்டியதும் வியாபாரம் சூடு பிடிக்கும். நீர்கொழும்பு, கற்பிட்டி, காலி என்று லொறிகள் வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால் திருகோணமலை, முல்லைத்தீவு மீன் இரவோடு இரவாக வரும். சந்தைத் தரையில் கிடக்கிற கெலவல்லாவைத் தொட்டுப் பார்த்தால் தோல் குளிர்ந்திருக்கும். முதுகுத் தசையை வெட்டும்போது உள்ளே விரலை வைத்துப் பாருங்கள், சில மீனில் அந்தக் குளிர் இருக்காது. வெளியே ஐஸ் தூவி உள்ளே சூடாக இருக்கிற மீன்தான் எனக்குப் பயம்.

அங்கே உழைக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஒக்டோபரில் ‘பேலியகொடை கொத்தணி’ என்ற கொரோனாச் செய்தியில்தான் பலர் அந்தச் சந்தையின் பெயரையே கேட்டார்கள். அதன்பின் அவர்களை நோயின் பெயரால் பார்த்தது எனக்கு இன்றும் வருத்தம். ஐஸ் குறைவது அவர்களின் அலட்சியத்தால் மட்டும் இல்லை. ஐஸுக்குக் காசு வேண்டும், நல்ல பெட்டிக்குக் காசு வேண்டும். விடியற்காலை மீன் எடுத்து, பதினொரு மணி வெயிலில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிற சில்லறை வியாபாரியின் ரெஜிபோம் பெட்டியில் கடைசியில் மிஞ்சுவது தண்ணீர்தான். அந்தக் கடைசி மீனை மலிவு விலைக்குக் கேட்டு வாங்குகிறவர்களும் நாம்தான்.

மீன் வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது நம் பொறுப்பு. வேலை முடிந்து மீன் வாங்கி, அப்புறம் மரக்கறிக் கடை, அப்புறம் பாமசி என்று சுற்றாதீர்கள். மீனைக் கடைசியாக வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகை செல்சியஸுக்குக் கீழே வையுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைகூட மின்சாரம் போன காலத்தில், உருகி மறுபடி உறைந்த மீனைச் சாப்பிட்டு வந்தவர்களை மறக்க முடியாது. உறைய வைத்தால் பக்டீரியா அடங்கும், ஆனால் அது உண்டாக்கிய நொதி சாகாது. உருகியதும் மறுபடி ஹிஸ்டமின் உண்டாக்கத் தொடங்கும். ஆகவே இரவு முழுக்கச் சிங்கில் வைத்து உருக்க வேண்டாம்.

இன்னொன்று, உண்டான ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது. பொரித்தாலும், கொதிக்க வைத்தாலும், டின்னில் அடைத்தாலும் அப்படியே இருக்கும். கொறுக்காய்ப்புளி போட்டு வற்ற வைக்கும் அம்புல்தியல் நல்ல மீனைப் பல நாள் காக்கும், கெட்ட மீனை நல்லதாக்காது. மணந்து பார்த்தாலும் எப்போதும் தெரியாது. நாற்றம் வருமுன்பே ஹிஸ்டமின் ஏறிவிடலாம். நாக்கு சுரீர் என்றால் துப்பிவிடுங்கள். வீட்டுக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை.

கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் மீனுக்கு ஆய்வுகூடச் சோதனை உண்டு. நம் தெருவுக்கு வரும் மீனுக்கு ஐஸும் விற்பவரின் மனச்சாட்சியும்தான்.

இதில் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறவர்கள் காச நோயாளிகள். காச நோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரை, ஹிஸ்டமினை உடைக்கிற நொதியைத் தடுக்கிறது. அதனால் மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவுகூட இவர்களைப் படுக்க வைத்துவிடும். இதை 1977இலேயே எழுதி வைத்தவர்கள் நம் நாட்டு வைத்தியர்கள் உரகொடவும் கொட்டேகொடவும். மாத்திரை எடுக்கும் மாதங்களில் பலயா, கெலவல்லா வகை மீன்களைத் தவிர்க்கச் சொல்வது அதற்காகத்தான். மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மீனை நிறுத்துங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சிவப்பும் கடியும் மட்டும் என்றால் அன்டிஹிஸ்டமின் மாத்திரையோடு சில மணி நேரத்தில், கூடினால் ஒரு நாளில் சரியாகிவிடும். ஆனால் மூச்சு முட்டினாலோ, உதடும் தொண்டையும் வீங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உண்மையான மீன் அலர்ஜி உயிரை எடுக்கும். ஆஸ்துமாவும் இருதய நோயும் உள்ளவர்களுக்கு ஹிஸ்டமின் நஞ்சும் ஆபத்துத்தான்.

வரும்போது என்ன மீன், எங்கே வாங்கியது, கூடச் சாப்பிட்ட யாருக்கெல்லாம் வந்தது என்று சொல்லுங்கள். மிச்சத் துண்டு இருந்தால் கொட்டாமல் உறைய வையுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் அந்த மீன் வந்த வழியைத் தேடிப் போக முடியும். கிளினிக் கொப்பியில் ‘மீன் அலர்ஜி’ என்று எழுதியிருந்து, அதன் பிறகு மீனே தொடாமல் இருப்பவர்கள், அன்று யார் யார் கூடச் சாப்பிட்டார்கள் என்பதை நினைவுபடுத்திக்கொண்டு ஒருமுறை வைத்தியரிடம் போய்ப் பேசுங்கள். வீட்டில் நீங்களாகவே மீனைத் தின்று சோதிக்க வேண்டாம்.