‘அவர்’ என்பது ஆண்பால் அல்ல

ஒரு மருத்துவமனையின் ஆண்டு மலரை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை. கோப்பு கைக்கு வரும்போதே இயந்திரம் மொழிபெயர்த்து முடித்திருந்தது. பிழை பார்த்துத் திருத்திக் கொடுப்பது மட்டும்தான் என் பங்கு. எங்கள் தொழிலில் இதைப் போஸ்ட் எடிட்டிங் என்போம். மூன்றாம் பக்கத்தில் இருதய அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவரைப் பற்றி நான்கு வரிகள். பெண் மருத்துவர். “அவள் 20 ஆண்டுகளாக அறுவைச் சிகிச்சைகள் செய்து வருகிறாள்” என்று இருந்தது. அதற்குக் கீழே கணக்குப் பிரிவு மேலாளர். ஆண். “அவர் 5 ஆண்டுகளாக இங்கே பணியாற்றி வருகிறார்.”

ஆங்கில மூலத்தில் அந்த டாக்டருக்கு ‘ஷி’, மேலாளருக்கு ‘ஹி’. இரண்டுக்கும் மரியாதையில் ஏற்றத்தாழ்வு கிடையாது. தமிழுக்கு வந்ததும் ஒருவருக்கு ‘ஆர்’ விகுதி, இன்னொருவருக்கு ‘ஆள்’ விகுதி. அந்த மருத்துவமனையில் வாட்ச்மேனில் தொடங்கி நிர்வாக இயக்குநர் வரை ஒருவர்கூட அந்த டாக்டரை “அவள் வந்தாள்” என்று சொல்ல மாட்டார்கள். அச்சில் மட்டும் அப்படி வந்திருக்கும்.

இயந்திர மொழிபெயர்ப்பில் பாலினச் சாய்வு என்றால் பொதுவாகச் சொல்லப்படும் உதாரணம் துருக்கி மொழிதான். அங்கே ஆண், பெண் இருவருக்கும் ‘ஓ’ என்ற ஒரே சொல். “ஓ மருத்துவர்” என்று கொடுத்தால் ஆங்கிலத்தில் ஆணாகவும், “ஓ செவிலியர்” என்று கொடுத்தால் பெண்ணாகவும் வந்தது. 2017இல் சயின்ஸ் இதழில் ஐலின் சலிஷ்கான், ஜோனா பிரைசன், அர்விந்த் நாராயணன் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை எடுத்துக்காட்டியது. மனிதர்கள் எழுதிக் குவித்ததிலிருந்து கற்கும் கணினி, அந்த எழுத்தில் ஊறிக் கிடக்கும் சாய்வையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் சொன்னதன் சாரம். 2018 டிசம்பரில் கூகுள், துருக்கியிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் இத்தகைய வாக்கியங்களுக்கு ஆண்பால், பெண்பால் இரண்டு விடைகளையும் காட்டத் தொடங்கியது.

தமிழில் சிக்கல் இதைவிட ஒரு படி ஆழம். துருக்கியில் மறைந்திருப்பது பால் மட்டும்தான். நம்மிடம் பாலும் மரியாதையும் ஒரே விகுதிக்குள் பின்னிக் கிடக்கின்றன. ‘அவர்’ பிறப்பால் பன்மைச் சொல், பலர்பால். பலர்பாலில் ஆண் பெண் பேதம் இல்லை. ஒருவரைப் பன்மையில் குறிப்பது வழக்கில் இருக்கும் உயர்சொல் என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமே சொல்லியிருக்கிறது. ஆகவே ‘அவர்’ என்று எழுதினால் ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம், திருநரும் ஆகலாம். இத்தனை விசாலமான ஒரு சொல் நம் மொழியில் இருப்பது எனக்குப் பெருமை.

இயந்திரம் அந்தச் சொல்லை ஆணுக்குக் கொடுத்துவிட்டது. ஆங்கிலத்திலிருந்து வரும்போது ‘ஹி’ என்றால் அவர், ‘ஷி’ என்றால் அவள். தமிழிலிருந்து போகும்போது அவர் என்றால் ‘ஹி’. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பெண் பெண்ணாகத் தெரிய வேண்டுமானால் மரியாதையை விட வேண்டும். மரியாதை வேண்டுமானால் ஆணாக மாற வேண்டும். இதை நான் சிறு பிழையாக நினைக்கவில்லை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பாதையில் நான் கண்டதில் என்னை மிகவும் பயமுறுத்தியது ஒரு பாகப்பிரிவினை வழக்கின் சாட்சி வாக்குமூலம். முதல் பத்தியில் “என் பாட்டி” என்று ஒரே ஒரு முறை வருகிறது. அதன்பிறகு பக்கம் முழுக்க ‘அவர்’தான். பல இடங்களில் அதுவும் இல்லை. “ஊருக்கு வந்ததும் பத்திரத்தை எடுத்துக் காட்டினார்” என்று எழுவாய் இல்லாமலே ஓடுகிறது. நாம் அப்படித்தானே பேசுகிறோம்? தமிழில் படிப்பவருக்குக் குழப்பமே வராது. ஆங்கிலத்தில் எல்லா இடத்திலும் ‘ஹி’ வந்து உட்கார்ந்திருந்தது. அதே வாக்குமூலத்தில் தாத்தாவும் வருகிறார். விளைவு, பத்திரத்தைக் காட்டியது, “உன் பங்கு இதுதான்” என்று சொன்னது, கையெழுத்துப் போட வைத்தது எல்லாம் தாத்தா என்று ஆகிவிட்டது. வழக்கே பாட்டியின் சீதனச் சொத்தைப் பற்றியது.

பழைய இயந்திர மொழிபெயர்ப்பு என்றால் வாக்கியம் உடைந்து கிடக்கும், பார்த்ததுமே சந்தேகம் வரும். இப்போது வருவது இலக்கணச் சுத்தமான ஆங்கிலம். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் ஒழிய, பாட்டி காணாமல் போனது வக்கீலுக்கும் தெரியாது, நீதிபதிக்கும் தெரியாது.

ஏன் இப்படி நடக்கிறது? நாங்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் ஆவணத்தை வாக்கியம் வாக்கியமாக வெட்டி இயந்திரத்துக்கு அனுப்புகின்றன. முப்பதாவது வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது முதல் வாக்கியத்தில் பாட்டி இருந்தார் என்பது இயந்திரத்தின் கண்ணிலேயே படாது. அப்போது அது செய்வதெல்லாம், தான் படித்த மொழிபெயர்ப்புகளில் ‘அவர்’ எதோடு அதிகம் ஜோடி சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான். முழு ஆவணத்தையும் சேர்த்துப் படிக்கும் இப்போதைய செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் இந்த இடத்தில் பரவாயில்லை. ஆனால் பாட்டி என்ற சொல்லே இல்லாத கடிதத்தைக் கொடுத்தால் அவையும் ‘ஹி’ பக்கமே சாய்வதைப் பார்க்கிறேன்.

அது படித்த மொழிபெயர்ப்புகள் எவை? நாம் செய்தவைதான். இணையான உரை, அதாவது ஒரே உரை இரு மொழிகளிலும் கிடைப்பது, குறைவாக உள்ள மொழிகளுக்கு ஆய்வாளர்கள் அடிக்கடி நாடும் நூல் பைபிள். தமிழின் பழைய புரொட்டஸ்டண்ட் பைபிளில் இயேசுவுக்கு ‘அவர்’. சாதாரண ஆண்களுக்கு ‘அவன்’. பெண்களுக்கு ‘அவள்’, மரியாளுக்கும் ‘அவள்’தான். அதில் ‘அவர்’ என்று ஒருமையில் வரும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘ஹி’. 1995இல் வெளிவந்த, கிறிஸ்தவ சபைகளுக்குப் பொதுவான மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் மரியா ‘அவர்’ ஆகிவிட்டார். மூலம் மாறவில்லை, மொழிபெயர்த்தவர்களின் மனம் மாறியது. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும் என்றுதான் அதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

திருநங்கையருக்கு இந்தக் கோளாறு இன்னும் கொடுமையாக வந்து சேர்கிறது. திருநங்கையருக்கென 2008இலேயே நல வாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு. ஒரு திருநங்கைக்காகத் தொண்டர் ஒருவர் தமிழில் எழுதிய பரிந்துரைக் கடிதத்தை ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். “இவர் தையல் பயிற்சி முடித்தவர், சொந்தமாகக் கடை வைக்க விரும்புகிறார்” என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார். இயந்திரம் கொடுத்த வரைவில் ஏழு இடத்தில் ‘ஹி’. அது அப்படியே போயிருந்தால், எந்த அடையாளத்தை விட்டு வெளியே வர அவர் இத்தனை காலம் போராடினாரோ அதையே அந்தக் கடிதம் திரும்ப அவர் மேல் சுமத்தியிருக்கும். எழுதியவரும் அறியாமல், அவரும் அறியாமல்.

இதே வேலையில் இருக்கும் இளையவர்களுக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். தமிழாக்கிய கோப்பு வந்ததும் முதலில் ‘அவள்’ என்று தேடுங்கள். பிறகு ‘ாள்’ என்று தேடுங்கள். நாள், தாள், தேர்தல் நாள் என்று வேண்டாததெல்லாம் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வந்தாள், செய்கிறாள் எல்லாம் அதில்தான் சிக்கும். ஆங்கிலக் கோப்பானால் ஒவ்வொரு ‘ஹி’யையும் தமிழ் மூலத்தோடு வைத்துப் பாருங்கள். யாரென்று தெரியாவிட்டால், ஆணா பெண்ணா என்று சுட்டாமல் ஒருவரையும் குறிக்கக்கூடிய ‘தே’ போடலாம். ஆனால் நீதிமன்ற ஆவணத்தில் அது பலரைக் குறிப்பதாகத் தோன்றும் ஆபத்து உண்டு. அங்கே பெயரையோ உறவையோ திரும்பத் திரும்ப எழுதுவதே நல்லது. அந்த வாக்குமூலத்தில் ‘பாட்டி’ என்பதை இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் எழுதினேன். படிக்க அழகாக இல்லைதான்.

இந்தச் சரிபார்ப்புக்கு நேரம் பிடிக்கும். போஸ்ட் எடிட்டிங்குக்குச் சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி பேசும்போது அந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் கேட்டு வாங்கத் தொடங்கியிருக்கிறேன். காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

கூடவே ஒரு தாள் கேட்கிறேன். ஆவணத்தில் வருகிறவர்களின் பெயர், உறவு அல்லது பதவி, ஆணா பெண்ணா திருநரா. வக்கீல் அலுவலகங்கள் முதலில் எதற்கு என்று கேட்கும். பாட்டியின் கதையைச் சொன்னால் அன்று மாலையே அனுப்பிவிடுகிறார்கள்.