செலிபிரிட்டி: ஆளுமையா, ஊரறிந்தவரா?

கொடைக்கானல் ஏரிச்சாலையில் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் விற்கிற கடை ஒன்றுக்குத் திறப்பு விழா. வாசலில் கட்டிய பேனரில் ‘திரை ஆளுமை வருகை தருகிறார்’ என்று போட்டிருந்தார்கள். வந்தவர் ஒரு டிவி தொடரில் ஆறு மாதமாக நடிக்கும் இளைஞர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, செலிபிரிட்டிக்குத் தமிழாகப் போட்ட ‘ஆளுமை’ என்ற சொல்மேல்தான் கோபம். இந்த சீசனில் மட்டும் இதே சொல்லை நாலாவது முறையாகப் பார்க்கிறேன்.

செலிபிரிட்டிக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘செலிபர்’ என்றால் ஆள்நடமாட்டம் மிகுந்தது, கூட்டம் மொய்ப்பது என்று பொருள். சாலைக்கும் சந்தைக்கும் சொன்ன சொல். அப்புறம் திருவிழாவுக்கும் புகழுக்கும் நகர்ந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு மனிதரையே குறிக்கத் தொடங்கியது. பத்திரிகைகள் பெருகிய காலம் அது. 1854இல் பாரிசில் டிஸ்டெரி என்பவர் சின்ன அட்டைப் புகைப்படத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பின் நடிகைகளின் முகமும் அரச குடும்பத்தார் முகமும் கடையில் விலைக்குக் கிடைத்தன. அதுவரை பேர்தான் ஊர் ஊராகப் போனது, இப்போது முகமும் போனது.

தமிழில் முதலில் வந்தது ‘பிரபலம்’. வடமொழியில் மிகுந்த வலிமை என்று பொருள். ‘பிரபல மருத்துவர்’ என்றால் சரி, ஆனால் ‘ஒரு பிரபலம் வந்தார்’ என்றால் அஃறிணைச் சொல்லுக்கு உயர்திணை வினை. ‘புகழாளர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்ற மொழியில் புகழ் செயலால் வருவது, திரையில் முகம் தெரிந்ததற்காக அதைத் தூக்கிக் கொடுக்க முடியாது.

‘ஆளுமை’க்கு வருவோம். பொறுமை, நேர்மை போல இது ஒரு பண்பைச் சொல்வது. பொறுமையான ஒருவர் வந்தால் ‘பொறுமை வந்தார்’ என்றா சொல்கிறோம்? ‘அடிமை’ மட்டும் ஆளைக் குறிக்கவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பண்பின் பெயர் அந்தப் பண்புள்ளவருக்கு ஆகிவருகிற பண்பாகுபெயர் என்று சொல்லி இலக்கணத்தை ஒருவழியாகச் சமாதானப்படுத்தலாம். பொருளைச் சமாதானப்படுத்த முடியாது. ஆளுமை என்பது ஒருவருக்குள் இருப்பது. முப்பது வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, தெருவில் நடந்தால் பழைய மாணவர்கள் தானாக ஓரம் ஒதுங்குகிற ஆசிரியரிடம் இருப்பது அது. செலிபிரிட்டி என்ற சொல் உள்ளே என்ன இருக்கிறது என்று எதுவுமே சொல்வதில்லை, வெளியே எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்கிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின் 1960களின் தொடக்கத்திலேயே இதை அறியப்பட்டிருப்பதற்காகவே அறியப்பட்டவர் என்கிற மாதிரி வரையறுத்துவிட்டார். தெரிந்த முகம் எல்லாம் ஆளுமை என்றால் அந்த ஆசிரியருக்கு நாம் எந்தச் சொல்லைக் கொடுப்போம்? ‘பர்சனாலிட்டி’க்கு அகராதியில் கண்டதை எடுத்து, ஆங்கிலப் பத்திரிகை அதை எங்கெல்லாம் போடுகிறதோ அங்கெல்லாம் ஒட்டுகிறார்கள். அடுத்த வீட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் காது கொடுத்துக் கேட்பதே இல்லை.

நான் கேட்டேன். கடை வாசலில் வேனை ஓரங்கட்டியிருந்த டிரைவரிடம் வந்திருப்பது யார் என்று விசாரித்தேன். “ஊருக்கே தெரிஞ்ச மொகம்ணே, டிவில பாத்திருக்கேன். பேருதான் வாயில வரல” என்றார்.

ஊரறிந்தவர். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஊரறிந்த ரகசியம் என்று ஏற்கெனவே சொல்கிறோம், நாடறிந்த எழுத்தாளர் என்று எழுதுகிறோம், உலகறிந்த வீரர் என்கிறோம். அளவுக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளலாம். நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பும் அதில் இல்லை. ‘பேர்போனவர்’ நல்ல சொல்தான், ஆனால் எதற்குப் பேர்போனவர் என்று கேட்கும். பூம்பாறை பூண்டுக்குப் பேர்போனது போல ஒரு காரணம் வேண்டும். ‘பெரும்புள்ளி’யில் பணமும் செல்வாக்கும் வந்துவிடுகின்றன.

லத்தீன் சொல் முதலில் இடத்துக்கு வழங்கியது என்றேன் அல்லவா? நம் குணா குகையைப் பாருங்கள். ஆங்கிலேயர் பிசாசின் சமையலறை என்று பேர் வைத்த பள்ளம், 1991இல் ‘குணா’ படம் வந்த பிறகு குணா குகை ஆனது. 2024இல் இந்தக் குகையை வைத்து எடுத்த மலையாளப் படம் ஓடியதும் கம்பி வேலி ஓரத்திலும் பின்னிக் கிடக்கும் மரவேர்களின் மேலும் போட்டோ எடுக்க நிற்கிற கூட்டம் இன்னும் பெருகியது. அந்தக் குகையை ஆளுமை என்று சொல்ல முடியுமா? ஊரறிந்த குகை என்று சொல்லலாம், உறுத்தாது.

‘செலிபிரிட்டி கல்ச்சர்’ என்பதையும் ‘ஆளுமைக் கலாச்சாரம்’ ஆக்கியிருக்கிறார்கள். அங்கே கலாச்சாரம் எதற்கு? சினிமா மோகம் என்று நாம் சொல்கிற அதே மோகம்தான், ஊரறிந்தவர் மோகம் என்றால் போதும்.

கடைக்காரரிடம் ‘ஊரறிந்த நடிகர்’ என்று பில் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆண்டு விழா பேனருக்கு வைத்துக்கொள்கிறேன் என்று அதை மடித்து கல்லாவில் போட்டார்.