கீட்டமின் கொடுத்ததும் மயக்க எண் ஏறுவது ஏன்?

அறுவை அரங்கில் நோயாளியின் நெற்றியில் நான்கு மின்முனைகள் கொண்ட பட்டையை ஒட்டி, அதன் கம்பியை, மூளை அலைகளைக் கொண்டு மயக்கத்தின் ஆழத்தைக் கணிக்கும் பிஸ் மானிட்டரில் செருகுவார்கள். திரையில் 0 முதல் 100 வரை ஓர் எண் தெரியும். நல்ல விழிப்பில் அது 100-ஐ ஒட்டி நிற்கும். பொது மயக்கத்தில் 40–60க்குள் வைத்துக்கொள்வது வழக்கம். மூளையின் மின் அலை முற்றிலும் தட்டையானால் 0.

இந்தக் கருவி நினைவை அளப்பதில்லை. மண்டையோட்டைத் தாண்டி நெற்றித்தோலுக்கு வந்துசேரும் சில பத்து மைக்ரோவோல்ட் அலைகளைப் பிடித்து, முன்பே திரட்டி வைத்த பதிவுகளோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைச் சொல்கிறது. அந்தப் பதிவுகள் பெரும்பாலும் புரோபோபால் என்ற ஊசி மயக்க மருந்து, ஆவி மயக்க மருந்துகள் போன்றவை தந்த மயக்கத்தில் எடுத்தவை. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

புரோபோபால், நரம்பணுக்களை அடக்கும் காபா ஏற்பிகளின் வேலையைக் கூட்டுகிறது. அப்போது மூளையின் முன்பகுதியில் நொடிக்கு 8–12 சுற்று ஆல்பா அலைகளும், அவற்றைச் சுமந்தபடி மிக மெதுவான பெரிய அலைகளும் எழும். எண் இறங்கும். கீட்டமினும் மயக்க மருந்துதான், ஆனால் வேறு வழியில் போகிறது. அது நரம்பணுக்களைத் தூண்டும் என்எம்டிஏ ஏற்பிகளை அடைக்கிறது. குறிப்பாக, மற்ற அணுக்களுக்குக் கடிவாளம் போடும் நரம்பணுக்களில். கடிவாளம் தளர்ந்ததும் நொடிக்கு 25 சுற்றுக்கு மேற்பட்ட வேக அலைகள் கிளம்புகின்றன. கருவிக்கு வேக அலை என்றால் விழிப்பு. எனவே கிலோவுக்கு அரை மில்லிகிராம் கொடுத்தாலே, மயக்கம் ஆழமாகும்போது எண் மேலே போகிறது. அதை நம்பி புரோபோபாலைக் கூட்டினால் இரத்த அழுத்தம் சரியும். அலை விட்டுவிட்டுத் தட்டையாகும்.

டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்தில் இதற்கு நேர்மாறு: எண் தாழ்ந்திருக்கும், பெயர் சொல்லி அழைத்தால் நோயாளி கண் திறப்பார்.

மருந்து மட்டுமல்ல, நெற்றித்தசையும் ஏமாற்றும். அதன் மின்துடிப்பு வேக அலைகளோடு கலந்து எண்ணை உயர்த்திவிடும். விழித்திருந்த தன்னார்வலர்களுக்குத் தசைத்தளர்ப்பி மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் முழு நினைவோடு இருந்தபோதே எண் 60க்குக் கீழே விழுந்தது. இதை மயக்கவியல் படிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்.

ஆகவே பட்டையை ஒட்டுமுன் நெற்றியை ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, ஒவ்வொரு மின்முனையையும் ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மின்சாரத்தால் திசுவை வெட்டி இரத்தக்கசிவை நிறுத்தும் காட்டரி ஓடும்போது வரும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். சமிக்ஞைத் தரக் குறியீட்டைப் பாருங்கள். எண் அரை நிமிடம், சில வேளை அதற்கும் மேல் பிந்தி வரும்; திரையில் ஓடும் மூளை அலை உடனே வரும். முதியவர்களில் ஆல்பா அலை இயல்பாகவே சிறுத்திருக்கும் என்பதால், அவர்களுக்கு எண்ணை விட அலையே நல்ல சாட்சி.

ஆவி மருந்தென்றால் இன்னொரு துணை உண்டு: மூச்சு வெளிவரும்போது அதிலுள்ள மருந்தின் செறிவை அளந்துவிடலாம். 2011இல் வெளியான, சுமார் 6,000 பேரிடம் நடந்த ஆய்வில், அறுவையின் நடுவே விழிப்பைத் தடுப்பதில் பிஸ் எண் இந்த அளவீட்டைவிட மேலானதாக இல்லை. இரத்தநாளம் வழியாக மட்டும் மயக்கம் கொடுக்கும்போது அந்த அளவீட்டுக்கு வழியில்லை. தசைத்தளர்ப்பியும் சேர்ந்தால் நோயாளியால் விரலைக்கூட அசைத்துக் காட்ட முடியாது. அலையைப் படிக்கத் தெரிந்த கண் அங்கேதான் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.